எமனுக்குப் போட்ட மாலை

இப்பிடி உக்காருங்க கண்ணு. பையை எங்கிட்டக் குடுங்க, காலுக்கடியில வெச்சுக்கறேன். ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க, அது எனக்கு வேணும். காத்துக்கில்லீங்க. இங்கிருந்தாத்தான் யாரு எறங்கறாங்க, எறங்கி எந்தப் பக்கம் போறாங்கன்னு தெரியும். அதா, முன்னாடி கட்டம் போட்ட சட்டையில ஒருத்தரு கண்டக்டர்கிட்ட என்னமோ பேசிச் சிரிச்சிட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான் எங்க வூட்டுக்காரரு. திருமூர்த்தின்னு பேரு. டைல்ஸ் ஒட்டற வேலை. அவரைச் சுத்தி உக்காந்திருக்கறவங்களைப் பத்திப் பொறவு சொல்றேன்.

நாங்க பழனிக்குத்தான் போறோம். நீங்களும் பழனியா? நல்லதாப் போச்சு, பேச்சுத் தொணையாச்சு. ஆனா நாங்க சந்தோசமாப் போகலீங்க. அவருக்கு மொட்டை போடப் போறோம். வேண்டுதல் மொட்டை இல்லை, மன்னிப்பு மொட்டை. சாமி பேருல பொய் சொல்லிட்டாருங்க அந்த மனுசன்! அதுவும் எழவு வூட்டுல நின்னுட்டு. எனக்குப் பொய்யின்னாலே ஆகாது கண்ணு. எங்க அப்பனும் ஆத்தாளும் என்னை அப்பிடி வளத்துட்டாங்க. குடிச்சுட்டு வந்தாக்கூடப் பொறுத்துக்குவேன், பொய் சொன்னா என்னால தாங்க முடியாது.

பொறுத்துக்குவேங்கறது சும்மா பேச்சுக்கு. குடியைப் பொறுக்க முடியுங்களா?

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எங்க வூட்டுக்காரரு தங்கமான மனுசன். அடிக்க மாட்டாரு, வைய மாட்டாரு. ஆனா பொழுதோட ஆச்சுன்னா காலு தானாப் பிராந்திக் கடைப்பக்கம் போயிரும். தனியாப் போறவரில்லை. எங்கூரு ஆம்பளைங்க யாருமே தனியாக் குடிக்கறவங்க இல்லை கண்ணு. ஒருத்தன் "வா பங்காளி"ம்பான், இவரு போவாரு. மறாநாளு இவரு கூப்புடுவாரு, அவன் வருவான். கேட்டா, "அவன் அவ்வளவு ஆசையாக் கூப்புடறான், எப்பிடி மயிலு முடியாதுங்கறது?"ம்பாரு. என் பேரு மயிலாத்தா. மத்த நேரத்துல "ஏம்புள்ள"ம்பாரு, குடிச்சிருந்தா மட்டுந்தான் மயிலு.

வேலை கெட்டுப் போச்சுங்க. ஒரு தடவை பல்லடத்துல புது வூடு. முந்தின நாளு குடிச்ச தலைபாரத்தோட போயி பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்காரு. பாத்ரூம்னா தண்ணி ஓட்டைப் பக்கமாப் போறதுக்கு வாட்டம் குடுக்கோணும். இவரு குடுத்திருக்காரு, வாசப்பக்கமா. கிரகப்பிரவேசத்து அன்னிக்கு விருந்தாடி வந்த யாரோ ஒரு ஒறம்பரை குளிச்சிருக்காங்க. அத்தனை தண்ணியும் நேரா ஐயரு ஓமம் வளத்துட்டிருக்கற எடத்துக்கு வந்துருச்சு. ஐயரு வேட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சு ஓடுனாராமா. இப்பச் சொல்லும்போது சிரிப்பு வருது, அன்னிக்கு நான் எங்க போயி மூஞ்சியக் காட்டறது? அந்தக் காண்ட்ராக்டரு அதோட கூப்புடறதை நிறுத்திட்டாரு.

அதையும் தாங்கிட்டேன். எங்க பொண்ணு தாரணி பத்தாவது படிக்கறா. போன வருசம் அவளோட படிக்கற புள்ளை ஒருத்தி கடைவீதியில என்னைப் பாத்து, "அங்கிள் கேரளாவுல இருந்து எப்ப ஆன்ட்டி வருவாரு?"ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் ஓடலை. பொறவுதான் வெளங்குச்சு. சிநேகிதிக யாரும் வூட்டுக்கு வந்துரக் கூடாதுன்னு, அப்பன் கேரளாவுல வேலையா இருக்காருன்னு இவ சொல்லி வெச்சிருக்கா. பொய்யிதான். ஆனா அவளை வைய எனக்கு வாய் வரலை கண்ணு. அடுப்படியில போயி நின்னு அழுதேன். அன்னிக்குத்தான் ஏதாச்சும் செஞ்சே ஆகோணும்னு முடிவு பண்ணுனேன்.

என்ன செய்யறது? நல்லா ரோசனை பண்ணிப் பாத்தேன். வருசத்துல கார்த்திகை மாசம் மட்டும் எங்க வூடு கோயிலாட்ட இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டுருவாரு. வெடியால குளியல், சரணம், சுத்தபத்தம். ஒரு சொட்டுத் தொட மாட்டாரு. அதைவிட முக்கியம், எவனும் கூப்புட மாட்டான். எங்கூருல டாக்டரு குடிக்காதேன்னு சொல்லிட்டாருன்னு சொன்னா, "அவரு கெடக்கறாரு, வாடா"ம்பாங்க. பொண்டாட்டி வேண்டாங்கறான்னு சொன்னா வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிப்பாங்க. மாலை போட்டிருக்கேன்னு சொன்னா மட்டும் "சாமி"ன்னு ஒதுங்கி வழி வுடுவாங்க. மாலை போட்டவனைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு பயம்.

ஆனா மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டுன கையோட கடைக்குப் போயிருவாங்க. எங்கூரு வேனு வந்து நிக்கறதே கடைக்கு எதிர்லதான். ஒரு மண்டலம் குடிக்காததையும் அன்னிக்கு ஒரே நாள்ல சேத்துக் குடிச்சுருவாங்க.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. கார்த்திகை மாலையைக் கழட்டறதுக்குள்ள அடுத்த மாலையைப் போட்டு வுட்டுட்டா?

அவரு மலைக்குக் கெளம்பும்போதே சொல்லிட்டேன். "ஏனுங்க, நம்ம அம்மணி தாரணி பரீட்சைக்கு நீங்க பழனிக்கு மாலை போட்டு நடந்து வர்றதா நான் வேண்டியிருக்கேன். தைப்பூசத்துக்கு. மறந்துறாதீங்க"ன்னு. வேண்டலைதான். அதுக்காக அது பொய்யாகிருமா? அன்னிக்குப் பொழுதோடயே ஒரு ரூவாயை மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சுட்டேன். முன்னாடி சொல்லிட்டுப் பின்னாடி வேண்டுனேன், அவ்வளவுதான்.

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. "அப்பிடியா?"ன்னாரு. மலையில இருந்து வந்தன்னிக்கு வேனு கடைக்கு எதிர்ல நின்னுச்சு. இவரு மட்டும் எறங்கி நேரா வூட்டுக்கு வர்றாரு கண்ணு, கையில பச்சை வேட்டி பச்சைத் துண்டோட! எங்க வாங்குனீங்கன்னு கேட்டா, மலைக்குப் போற வழியிலயே வாங்கி வெச்சுட்டாராமா. பாருங்க, சாமியே அவரு மனசுல பூந்து வாங்க வெச்சிருக்குது.

அதுல இருந்து நான் வுடலை. தைப்பூசம் முடிஞ்சுதா, எங்கூரு மாரியாத்தா பூச்சாட்டு நோம்பி. காப்புக் கட்டி மஞ்ச வேட்டி. சித்திரைக்கு வெள்ளியங்கிரி மலை. அது முடிஞ்சதும் எனக்கு அடுத்தது ஓடலை. அன்னிக்கு அவரே சோறு உங்கும்போது சொல்றாரு, "ஏம்புள்ள, வைகாசி விசாகத்துக்கு உனக்கு ஏதோ வேண்டுதல் இருந்துச்சே. நல்லா ரோசனை பண்ணிப் பாரு"ன்னு. நான் வேண்டவே இல்லீங்க. ஆனா அவரு சொன்னப்பறம் வேண்டுன மாதிரியேதான் இருந்துச்சு. "ஆமாங்க, என் மூட்டு வலிக்கு வேண்டியிருந்தேன்"ன்னு சொல்லிட்டேன். பாவம், அப்பிடியே நம்பிட்டாரு. ஆம்பளைங்களை ஏமாத்தறது அவ்வளவு லேசு கண்ணு.

ஆனி மாசந்தான் படுத்தி எடுத்துருச்சு. ஆனியில எந்தச் சாமிக்குமே மாலை போடறதா காணோம். பொறவு வேற வழியில்லாம ஒரு கனவு கண்டேன். அதாவது, கண்டேன்னு சொன்னேன். முனியப்பன் வெள்ளைக் குதிரையில வந்து, "உன் புருசனை மாலை போடச் சொல்லு, ஆடி பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனாருன்னு. எங்க வூட்டுக்காரரு ரொம்ப பக்தியாக் கேட்டாரு. "சரியா ஆடி ஒண்ணாந்தேதி வரைக்குமா? முனியப்பன் காலண்டரைப் பாத்துட்டு வந்திருப்பாராட்ட இருக்குது"ன்னு சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்புட்டாரு. தாரணி தாவணியை வாயில அடைச்சுட்டு உள்ள ஓடுனா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குச் சாமி காரியம்னா வெளையாட்டாப் போச்சு.

ஆடிக்கு ஆத்தாளுக்குச் செவப்பு வேட்டி. ஆவணிக்கு எங்க பக்கத்து வூட்டு ஸ்டெல்லாக்கா வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு நடந்து போவாங்க, அவங்களோட சேத்து வுட்டுட்டேன், மாதாவும் நம்ம ஆத்தாதானே. எங்க வூட்டுக் கொடியில பாத்தீங்கன்னா கறுப்பு, பச்சை, மஞ்ச, செவப்பு, காவின்னு நோம்பிக்குத் தோரணம் கட்டுன மாதிரி வேட்டி காயும்.

வீதியில பொம்பளைங்க வுடுவாங்களா? "மயிலக்கா, எங்க வூட்டுக்காரரும் போட்டிருக்காரு, மாலையை எப்பக் கழட்டறது, அடுத்து எந்தச் சாமி?"ன்னு என் வூட்டு வாசல்ல வந்து நிக்க ஆரமிச்சுட்டாங்க. கடைக்குப் பக்கத்துல சுண்டலும் ஆட்டுக்குடல் வறுவலும் விக்கறவ ஒருத்தி, என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குவா. "ஊருக்கே மாலை மாட்டி வுட்டு என் பொழப்பைக் கெடுத்துட்டா"ங்கறாளாமா. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு கண்ணு.

அவரு மாறிட்டாருங்க. கை நடுக்கம் போயிருச்சு. அந்தக் காண்ட்ராக்டரே தேடிட்டு வந்து வேலை குடுத்தாரு. போன மாசம் தாரணியோட சிநேகிதிக நாலஞ்சு பேரு வூட்டுக்கு வந்தாங்க. "கேரளாவுல இருந்து வந்துட்டாரு"ன்னு சொல்லி அப்பனைக் காட்டுறா. இவரு முழிக்கலை, ஒண்ணுமில்லை. "ஆமாங் கண்ணு, வர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாயிருச்சு"ன்னாரு. அவருக்கு எப்பிடித் தெரியும்னு இன்னமும் எனக்கு வெளங்கலை.

இப்பிடி நல்லாப் போயிட்டிருக்கும்போதுதான், புரட்டாசியில, பெருமாளுக்குத் துளசி மாலை போட்டிருக்கற நேரத்துல, நாட்ராயன் செத்துப் போனாரு.

நாட்ராயன்னா எங்க வூட்டுக்காரரோட பெரியப்பன் மகன். என்ன வயசுங்கறீங்க, இவரைவிட ரெண்டு மூணு வயசு மூப்பு, அவ்வளவுதான். குடிச்சே ஈரலு கெட்டு, கண்ணு மஞ்சளாகி, வயிறு பானையாட்ட வீங்கிப் போச்சு. சாகறதுக்கு முந்தின வாரங்கூட ஆஸ்பத்திரிக் கட்டுல்ல படுத்துட்டு, "திருமூர்த்தி, கொஞ்சமா வாங்கிட்டு வாடா"ன்னு கேட்டாருங்க.

பங்காளி செத்தா மாலையைக் கழட்டியே ஆகோணும், தீட்டு. கருமாதி முடியற வரைக்கும் எந்தச் சாமிக்கும் போட முடியாது. நான் மாலை போட்டு வுடற குருசாமி வூட்டுக்கு ஓடுனேன். "ஏதாச்சும் வழி பண்ணுங்க சாமி, ஒரு சின்ன மாலையாச்சும்"ன்னு கேட்டேன். அவரு, "ஏம்மா, சாமி மாலையை என்ன கதவுக்குப் போடற பூட்டுன்னு நெனச்சுட்டியா?"ன்னு வஞ்சு அனுப்பிட்டாரு.

வூட்டுக்கு வந்தா, அவரே கழட்டி வெச்சிருக்காரு. என் கையில குடுத்து, "பத்திரமா வெய்யி"ன்னாரு. வெறுங்கழுத்தைத் தடவித் தடவிப் பாத்துட்டு நின்னாரு கண்ணு. எனக்குப் பொக்குனு போச்சு. ஒரு வருசமா ஒரு நாளுகூட அந்தக் கழுத்து சும்மா இருந்ததில்லை.

எழவு வூட்டைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க பக்கம் எழவு வூட்டுல ஆம்பளைங்களுக்கு வாங்கி ஊத்தலைன்னா கவுரவக் கொறச்சல். கூடத்துல நாட்ராயனைப் படுக்க வெச்சிருக்குது. அவரு பொண்டாட்டி மாருல அடிச்சுட்டு அழுவறா, "இந்தச் சனியன் புடிச்ச குடியாலதானே போயிட்டே"ன்னு. அழுது முடிச்சு மூக்கைத் தொடைச்சுட்டு, கொழுந்தனைக் கூப்புட்டு, "மோட்டார் ரூம்ல எல்லாருக்கும் சரக்குப் பத்துச்சான்னு பாத்துட்டு வாங்க, நாளைக்குக் கொறை சொல்லுவாங்க"ங்கறா. அவளைச் சொல்லிக் குத்தமில்லை. ஊரு அப்பிடி இருக்குது.

நான் எங்க வூட்டுக்காரரையே பாத்துட்டு இருந்தேன். பந்தல்ல உக்காந்திருந்தாரு. கிட்டான் வந்து தோளுல கையப் போட்டான். கிட்டுசாமின்னு பேரு, சின்ன வயசுல இருந்து கூட்டாளி, ஒண்ணா வேலைக்குப் போறவங்க. சித்த திரும்பி யாரோ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் பாத்தா ரெண்டு பேரையும் காணோம். ஒப்பாரியில இருந்து பாதியில எந்திரிச்சுட்டேன். யாரு என்ன நெனச்சா எனக்கென்ன? தென்னந்தோப்புக்குள்ள பூந்து, மோட்டார் ரூமுக்குப் பின்னாடி செவத்தோட ஒட்டி நின்னுட்டேன்.

எல்லாரும் அங்கதான் இருக்காங்க. ஆளுக்கொரு டம்ளரு. கிட்டான் ஒண்ணை ஊத்தி இவருகிட்ட நீட்டறான். "புடி பங்காளி. நாட்ராயன் பேரைச் சொல்லி ஒரே ஒரு வாயி."

"வேண்டாம்டா"ன்னாரு.

"ஏன் வேண்டாம்? மாலைதான் கழட்டியாச்சே. இன்னிக்கு என்ன சொல்லித் தப்பிப்பே?"

எல்லாரும் சிரிக்கறாங்க. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன் கண்ணு. கண்ணு டம்ளர் மேலயே இருக்குது. எச்சி முழுங்கறாரு. கையி மெதுவா மேல வருது. ஒரு வருசம் அத்தனை சாமியையும் கூட்டி வந்து காவலுக்கு நிறுத்துனேனே, இப்ப ஒருத்தருமே இல்லையே!

மேல வந்த கையி டம்ளரைப் புடிக்கலை. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுச்சு.

"போட்டிருக்கேன்டா"ன்னாரு.

"என்னத்த?"

"மாலை. சட்டைக்குள்ள இருக்குது."

"தீட்டுல எந்தச் சாமிக்குடா மாலை?"

பந்தல் பக்கமாத் திரும்பிப் பாத்தாரு. பொறவு சொல்றாரு, "எமனுக்கு."

எமனுக்காமா! கேட்டீங்களா கண்ணு? ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா? நானும் இத்தனை சாமியைப் பாத்துட்டேன், எமனுக்கு மாலை போட்டுக் கேட்டதில்லை. வாய் கூசாமச் சொல்றாரு. கிட்டான், "தீட்டுல மாலை போடலாமா?"ங்கறான். இவரு, "மத்த சாமிக்கெல்லாந்தான்டா தீட்டு. எமனுக்கு ஏது தீட்டு? அவரு வந்துட்டுப் போனதாலதானே தீட்டே"ங்கறாரு.

ஒருத்தனும் சிரிக்கலை. ஒரு பெரியவரு டம்ளரைச் செவத்து மேல வெச்சுட்டு, "எத்தனை நாளைக்கு வெரதம்?"ன்னு கேட்டாரு.

"அவரு வர்ற வரைக்கும்"னாரு எங்க வூட்டுக்காரரு.

பந்தல்ல அழுவற சத்தம் அங்க வரைக்கும் கேக்குது. கிட்டான் அந்த டம்ளரைக் கையிலயே வெச்சுட்டு நின்னான். குடிக்கவும் இல்லை, கீழ ஊத்தவும் இல்லை. திடீர்னு ஓன்னு அழுதுட்டான். "எனக்கும் ஒண்ணு போட்டு வுடுறா பங்காளி, என்னால முடியலைடா"ங்கறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! வெளிய வந்துட்டேன். என்னைப் பாத்ததும் பெரிய பெரிய ஆம்பளைங்க எல்லாம் டம்ளரை முதுகுக்குப் பின்னாடி ஒளிக்கறாங்க. நான் இவரைத் தோப்புக்குள்ள கூட்டிட்டுப் போயி புடிச்சு வாங்கிட்டேன். "ஏனுங்க, உங்களுக்கு வெக்கமா இல்லை? சாமி பேருல பொய் சொல்லலாமா? இல்லாத மாலையை இருக்குதுன்னு சொல்லலாமா? நாளைக்குச் சாமி கண்ணைக் குத்தாதா?"ன்னு.

அவரு என்னையே பாத்தாரு. பாத்துட்டுச் சிரிக்க ஆரமிச்சாரு கண்ணு. எழவு வூட்டுல! தென்னை மரத்தைப் புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறாரு. "மயிலு, உனக்குக் கனவுல வரலாம், எனக்கு வாயில வரக் கூடாதா?"ங்கறாரு. என்ன அர்த்தமோ போங்க. மயிலுன்னு வேற கூப்புடறாரேன்னு பக்கத்துல போயி வாயை மோந்து பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. அப்பறம் சிரிப்பா அழுகையான்னு தெரியாம அப்பிடியே என் தோளுல சாஞ்சுட்டாரு. நானும் அழுதுட்டேன். சந்தோசந்தான், இல்லைங்கலை. ஆனா பொய்யி பொய்யிதானே?

அதுதான் கருமாதி முடிஞ்ச கையோட மொட்டைன்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. பிரச்சினை அதோட முடிஞ்சிருந்தாப் பரவால்லை.

நேத்துப் பொழுதோட கிட்டானும் இன்னும் மூணு பேரும் வாசல்ல வந்து நிக்கறாங்க. "அக்கா, நாளைக்குப் பழனி போறீங்களாமா. அந்த எமன் மாலை அங்கதானே போட்டு வுடறாங்க? நாங்களும் வர்றோம்"ங்கறாங்க. அதா, அவரைச் சுத்தி உக்காந்திருக்கறது அவங்கதான். கிட்டான் அந்த நீலச் சட்டை. அவன் பொண்டாட்டி பஸ்ஸ்டாப்பு வரைக்கும் வந்து, பெரியாஸ்பத்திரியில குடுத்த மாத்திரையை என் கையில குடுத்து, "வேளாவேளைக்குக் குடுத்துருங்கக்கா, இந்த வாட்டியாச்சும் நின்னாருன்னா உங்களுக்குக் கோயிலு கட்டிக் கும்புடறேன்"ங்கறா. வாங்கி முந்தானையில முடிஞ்சுட்டு வந்தேன்.

எங்க வூட்டுக்காரருகிட்ட, "அப்பிடி ஒரு மாலையே இல்லைன்னு அவங்ககிட்ட நெசத்தைச் சொல்லிருங்க"ன்னேன். "நீயே சொல்லிரு. பொய்யின்னா உனக்குத்தான் ஆகாதே"ன்னுட்டுப் படுத்துட்டாரு. நான் சொல்லத்தான் போறேன். பழனி போயி அந்தக் கடை வீதியில எமன் மாலை குடுங்கன்னு கேட்டு அசிங்கப்படறதுக்கு முன்னாடி சொல்லிறோணும். தாராபுரத்துல வண்டி நிக்கும், அங்க வெச்சுச் சொல்லிறலாம்னு இருக்கேன். எப்பிடி ஆரமிக்கறதுன்னுதான் தெரியலை.

அட, தாராபுரமே வந்துருச்சு. பத்து நிமிசம் நிக்கும். நீங்க டீ குடிக்கலீங்களா? சித்த இருங்க கண்ணு, எறங்கறவங்களைப் பாத்துக்கறேன். எங்க வூட்டுக்காரரு டீக்கடைக்குப் போறாரு. அந்த மூணு பேரும் பின்னாடியே போறாங்க. நீலச் சட்டையைக் காணோமே? எந்த ஊரு பஸ்ஸ்டாண்டுன்னாலும் பக்கத்துல ஒரு பிராந்திக் கடை இருந்து தொலையுது. அதா! அதா போறான். வெளிய போற தடத்துல போறான்.

ஏ கிட்டா! கிட்டான்! எங்கடா அந்தப் பக்கம்? இங்க வா. ஜன்னல்கிட்ட வா.

என்னடா? சத்தமாச் சொல்லு, வண்டி எரைச்சல்ல கேக்கலை. அந்த மாலை நெசமாலுமே இருக்குதான்னா கேக்கற? இல்லைன்னா?... இல்லைன்னா சொல்லிருங்கக்கா, இப்பிடியே போயிர்றேங்கறியா?

பாருங்க கண்ணு அவன் கையை. ஜன்னல் கம்பியைப் புடிச்சிருக்கறான், கம்பியும் சேந்து ஆடுது.

இருக்குதுடா. ஏன்டா இல்லாம? நானே கண்ணால பாத்தேன். எங்க வூட்டுக்காரரு கழுத்துல நானேதான் போட்டு வுட்டேன். சின்னச் சின்னக் கறுப்பு மணி, நடுவுல ஒரு டாலரு. எருமை போட்ட டாலரு. நம்பலையா? இவங்களைக் கேளு. இவங்களும் அந்த மாலை போடத்தான் அப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்களாமா போன வருசம். இப்ப நல்லா இருக்காராமா. ஏங்கண்ணு? இருக்காரல்ல? சொல்லுங்க கண்ணு. சும்மா தலையையாச்சும் ஆட்டுங்க.

பாத்தியா, ஆட்டறாங்க.

அழுவாதடா. பஸ்ஸ்டாண்டுல எல்லாரும் பாக்கறாங்க. இந்தா, மாத்திரை. எங்க வூட்டுக்காரருகிட்டப் போயி டீ வாங்கி, அதோட முழுங்கு. என்ன? எத்தனை நாளைக்குப் போட்டுக்கறதா?

மொதல்ல மனசுக்குள்ள பழனி வரைக்கும் போட்டுக்கடா. போ, வண்டி எடுக்கறதுக்குள்ள ஓடி வா.